விளம்பரம் சொல்லாத கணக்கு

விதை வாங்கும்போது கையில் அள்ளிப் பார்க்கிறோம். மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். ஆனால் விளம்பரத்தைக் கண்டு பணத்தை எடுத்துக் கொடுக்கும்போது மட்டும் எதையும் பார்ப்பதில்லை. விளம்பரத்தையும் பல் பிடித்துப் பார்ப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

ராயகிரியில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எலுமிச்சை நல்ல விலைக்குப் போயிருக்கிறது. புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து பணத்தோடு வருகிறார். வீட்டுத் திண்ணையில் ஓர் ஏஜெண்டு வண்ண நோட்டீசை விரிக்கிறார். "அண்ணாச்சி, டி.வி.யில நடிகரே சொல்லுதாரு, பார்க்கலியா? ஒரு தடவை ரூவாயக் கட்டுங்க, மாசாமாசம் பணம் வீடு தேடி வரும்" என்கிறார்.

இது நாம் கட்டிச் சொல்லும் கதைதான். ஆனால் இப்படிப்பட்ட பேச்சை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பணத்தை இழந்தது நிஜம். ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் சுசி ஈமு பார்ம்ஸ் என்ற கம்பெனி இருந்தது. 1½ லட்சம் ரூபாய் கட்டினால் 6 ஈமு குஞ்சுகள் தருவோம், கொட்டகையும் தீனியும் எங்கள் பொறுப்பு, மாதம் 6,000 ரூபாய், ஆண்டுக்கு 20,000 ரூபாய் போனஸ், 2 ஆண்டு முடிந்ததும் கட்டிய பணமும் திரும்ப வரும் என்றார்கள். 2012 ஆகஸ்டில் கம்பெனி மூடிக்கிடந்தது. தீனியில்லாமல் தவித்த பறவைகளைக் காப்பாற்ற அரசின் கால்நடைத் துறை வர வேண்டியதாயிற்று.

அந்த விளம்பரத்தில் இருந்த வித்தைகளைப் பார்ப்போம்.

முதலாவது, தெரிந்த முகம். திரைப்பட நடிகர்கள் தோன்றினார்கள். நடிகருக்கு நடிப்பு தெரியும். கோழி வளர்ப்பு தெரியுமா? அவர் பேசியது கூலிக்கு.

இரண்டாவது, பக்கத்து ஊர்ச் சாட்சி. "அவர் மாசம் தவறாம வாங்குறாரு." அவர் வாங்கியது உண்மைதான். ஆனால் அந்தப் பணம் கோழி விற்று வந்ததா, அவருக்குப் பின்னால் சேர்ந்தவர் கட்டியதா? அதைச் சாட்சிக்காரரே அறியமாட்டார்.

மூன்றாவது, பாதி உண்மை. ஈமுவின் கறி, எண்ணெய், தோல், இறகு எல்லாம் காசாகும் என்றார்கள். ஆகலாம். ஆனால் வாங்குகிறவன் யார்? நம் சந்தையில் ஈமு கறி கேட்டு யார் வந்தார்கள்? அதை நோட்டீசு சொல்லவில்லை.

இனி, அது சொல்லாத கணக்கைப் போடுவோம். மாதம் 6,000 என்றால் 24 மாதத்துக்கு 1,44,000. போனஸ் 40,000. மொத்தம் 1,84,000 ரூபாய். முதலும் தனியே திரும்ப வரும். அதாவது ஆண்டுக்கு நூற்றுக்கு 61 ரூபாய்க்கு மேல் வட்டி! ஈமுவோ ஒன்றரை, இரண்டு வயதில்தான் முட்டையிடத் தொடங்கும். அது முதல் முட்டை இடுமுன்பே மாதப் பணம் வந்துகொண்டிருந்தால், அது கோழி கொடுத்த பணமாக இருக்க முடியுமா? ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று. பத்திரிகையில் செய்தி போலவே விளம்பரம் வரும். மூலையில் பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்றிருக்கும். அந்த மூலையை முதலில் பாருங்கள். செல்போனில் வரும் தகவலுக்கோ அந்த மூலையும் கிடையாது. யார் எழுதியது, அதனால் யாருக்கு லாபம் என்று நாம்தான் கேட்க வேண்டும்.

முதலீட்டாளர்களைக் காக்கத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்தது. ஈமு கம்பெனி அதிபருக்குப் பின்னாளில் 10 ஆண்டுச் சிறைத் தண்டனையும் கிடைத்தது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொய் விளம்பரத்தில் தோன்றும் நடிகரையும் பொறுப்பாக்குகிறது. 1915 என்ற எண்ணில் நுகர்வோர் புகார் சொல்லலாம். ஆனால் சட்டம் வருவது பணம் போன பிறகு. கேள்வி மட்டுமே பணம் போகுமுன் வரும்.

ஆகவே ராயகிரி அண்ணாச்சி, ஏஜெண்டிடம் இப்படிச் சொல்லட்டும்: "தம்பி, நடிகர் சொன்னது இருக்கட்டும். சரக்கை வாங்குறவன் யாரு? அவன் கடையைக் காட்டு. பிறகு பேசுவோம்."

"இன்னைக்கே கட்டினாத்தான் உண்டு" என்று அவர் அவசரப்படுத்தினால், அதுவே நான்காவது வித்தை. நோட்டீசை மடித்துக் கையில் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.