இலுப்பைப் புண்ணாக்கும் மீன் முட்டைகளும்

குளத்தில் மீன் குஞ்சு விடுமுன் அங்குள்ள விரால், வாளை முதலிய பகை மீன்களை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கைப் பிரயோகிப்பது குடியானவர்களுக்குப் பழகிய முறையே. அப்புண்ணாக்கில் சப்போனின் என்னும் நுரைக்கும் வஸ்து இருக்கிறது. அது ஜலத்திற் கரைந்து, செவுள்வழியே மீனின் இரத்தத்திற் கலந்து, செவ்வணுக்களை உடைத்துவிடுகிறது. ஒரு சென்டு பரப்பும் ஒரு மீட்டர் ஆழமும் உள்ள ஜலத்திற்குச் சுமார் 10 கிலோ வேண்டும். விஷம் தணிந்தபின் அதுவே குளத்திற்கு எருவுமாகிறபடியால், கடையில் விற்கும் மருந்துகளைவிட இது மேலானதென்பதில் ஐயமில்லை.

ஆயினும், மரத்தின் விதையிலிருந்து வந்த பொருள் என்ன தீங்கு செய்யும் என்று அசட்டையாயிருப்போர் அநேகர். நஷ்டம் இங்கேதான் தொடங்குகிறது. பெரிய மீன் செத்தால் மிதக்கும், ஊரார் காண்பர். முட்டையும் பொரிந்த குஞ்சும் அழிந்தால் காண்பாரில்லை. மறு வருஷத்துக் குத்தகைத் தொகை குறையும்போதுதான் தெரியவரும்.

கட்லா, ரோகு மீன்களின் முட்டை வெதுவெதுப்பான ஜலத்தில் ஏறக்குறைய 14 முதல் 18 மணி நேரத்திற்குள் பொரிந்துவிடும். அச்சிறு பொழுதிலேயே கருவுக்குக் கண்ணும் வாலும் இருதயமும் உண்டாகவேண்டும். முட்டையின் மேலுறை விஷத்தை ஓரளவு தடுக்கும். பொரிந்து வெளிவந்த குஞ்சுக்கோ அக்காப்பும் இல்லை. உயிருள்ள முட்டை கண்ணாடிபோல் தெளிந்திருக்கும். கெட்டது பால்போல் வெளுக்கும். ஆராய்ச்சிசாலைகளிலும் இதையே அடையாளமாகக் கொள்கின்றனர். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி நிறுவனம் 2013-ஆம் வருஷத்தில் ஏற்ற பரீட்சை முறைப்படி, வரிக்குதிரை மீனின் புதுமுட்டைகளைச் சோதிக்கவேண்டிய கரைசலில் 96 மணி நேரம் வைத்து, முட்டை வெளுத்து உறைதல், உடற்கண்டங்கள் தோன்றாமை, வால் கருவுணவுப்பையினின்று பிரியாமை, இருதயம் துடியாமை என்னும் நான்கையும் நோக்குகின்றனர். தாவரச் சாறுகளும் இவ்விதம் சோதிக்கப்படுகின்றன.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டியது வேறொன்று. காக்காய்க்கொல்லி விதையை இடித்து மடுவிலும் வாய்க்காலிலும் கலக்கி மீன் பிடிக்கும் வழக்கம் பழமையானது. மழைக்காலத்தில் கரையோரக் களைகளிடையே விரால் முட்டையிட்டிருக்கும். அவ்வேளை இவ்விதை விழுந்தால் பிடிபடும் நாலைந்து மீனுக்காக ஒரு தலைமுறையே போய்விடும். ஜலத்தில் விஷமிட்டு மீன் பிடிப்பதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமே குற்றமாக்கியது.

புண்ணாக்கிட்ட குளத்தின் மதகை உடனே திறந்து பொது வாய்க்காலில் விடலாகாது. ஜலம் தெளிந்துவிட்டதென்று ஐந்தாம் நாளே குஞ்சு விடுவதும் பெரும் பிழை. சப்போனின் கண்ணுக்குப் புலப்படுவதன்று. 15 முதல் 20 நாள் பொறுக்கவேண்டும். அதன்பின்னும், வாங்கிய குஞ்சு முழுவதையும் ஒருங்கே விடாமல், மெல்லிய துணியாற் கட்டிய கூட்டில் இருபது முப்பது குஞ்சுகளை இட்டு அக்குளத்திலேயே ஒரு பகலும் ஓர் இரவும் வைத்துப் பார்ப்பது நலம். அவை சுறுசுறுப்பாய் நீந்தினால் மற்றவற்றைக் காலைக் குளிர்ச்சியில் விடலாம். சோர்ந்து கிடந்தால் இன்னும் ஒரு வாரம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும்.