பொட்டு வைத்த லைக்கன்

ஸ்காட்லாந்தின் ஈரமான மலைச்சரிவு ஒன்றில் உளுத்துப்போன மரக்கட்டையைப் பார்க்கிறோம். வெளிறிய பச்சைச் சுண்ணாம்பைப் பூசி, அதன்மேல் இளஞ்சிவப்புப் பொட்டுகளை வைத்தது போலிருக்கிறது. பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் லைக்கன் இது. பெயர் இக்மடோஃபிலா எரிசிடோரம். முதற்சொல்லுக்கு ஈரத்தை விரும்புவது என்று பொருள். லின்னேயஸ் 1753-லேயே இதற்குப் பெயரிட்டார். வட அமெரிக்காவில் 'தேவதையின் வாந்தி' என்றும் சொல்வார்கள். எந்தக் குறும்பர் வைத்த பெயரோ!

நிறத்தை நம்பிப் பெயர் சொன்னால் ஏமாந்துபோவோம். டிபேயிஸ் என்ற வேறொரு லைக்கனும் இளஞ்சிவப்புத்தான். ஆகவே குனிந்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். டிபேயிஸின் தலைகள் உருண்டையாக, குட்டிக் காளான்போல் காம்பின்மேல் நிற்கும். நம்முடையதன் பொட்டுகளோ சில மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டை வட்டுகள். பச்சைப் பூச்சோடு ஒட்டியே கிடக்கும். காம்பு இருந்தாலும் மிகக் குட்டை. இடமும் சாட்சி சொல்லும்: டிபேயிஸ் மணலும் களியுமான வெற்று மண்ணில் வளரும், இது உளுத்த மரத்தையும், செடிகொடிகள் நீரில் ஊறி முழுதும் மக்காமல் படிந்த பீட் மண்ணையும் நாடும்.

பொட்டே இல்லாத பச்சைப் பூச்சு மட்டும் கிடைத்தால்? பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு துளி விட்டால் மஞ்சளாகும். ஆனால் டிபேயிஸும் மஞ்சளாகும்! அப்போது பெயர் எழுதாமல் விடுவதே நேர்மை.

கட்டையைப் பெயர்த்து எடுத்துவரத் தேவையில்லை, கைவில்லை போதும். பீட் நிலத்தை வடித்து உலர்த்தினாலோ, விழுந்த மரங்களை அப்புறப்படுத்தினாலோ, இதற்குக் குடியிருக்க இடமில்லை.