ஒரு பானைக் கூழ்: வீட்டார் அனைவருக்கும் ஒரே உப்பு

மாரடைப்புக்கோ உயர் குருதியமுக்கத்துக்கோ சிகிச்சை பெற்று வீடு திரும்புபவரிடம் உப்பைக் குறைக்கும்படி நாம் சொல்லி அனுப்புகிறோம். வீட்டிலோ, குடும்பத்தாருக்கு ஒரு சட்டியும் நோயாளிக்கு உப்பும் உறைப்பும் இல்லாத தனிச் சட்டியும் அடுப்பில் ஏறுகின்றன. சில நாள் பொறுத்திருப்பவர், பிறகு மற்றச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி அள்ளிக்கொள்கிறார். அல்லது பசியில்லை என்று பாதியில் எழுந்துவிடுகிறார். இரண்டும் அவருக்குக் கேடு. தனிச் சட்டியைக் கைவிட்டு, வீட்டார் அனைவரும் நோயாளியின் உப்பளவுக்கு வருவதே நடைமுறையில் நிலைக்கும் வழி என்பது எமது கருத்து.

அதற்கு யாழ்ப்பாணத்து ஒடியற்கூழைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை. கூழ் எப்போதும் ஒரே பானையில் காய்ச்சப்படுவது. எல்லோரும் சுற்றியிருந்து பிளாவில் வாங்கிக் குடிப்பது. எண்ணெய் இல்லை, தாளிதம் இல்லை. மீனும் மரக்கறியும் கீரையும் மாவும் ஒன்றாகவே வேகின்றன. புளியும் செத்தல்மிளகாயும் முன்னிற்பதால், உப்புக் குறைந்திருப்பதை நாக்கு எளிதில் கண்டுபிடிப்பதில்லை.

வளர்ந்த ஒருவர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஏறத்தாழ ஒரு மட்டத் தேக்கரண்டி. காலைச் சம்பல், மதியக் குழம்பு, மாலையில் உண்ணும் பாண் ஆகிய அனைத்திலும் உள்ள உப்பு இந்தக் கணக்கினுள் அடங்கும். ஆகவே ஆறு பேருக்கான கூழுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி உப்பு என வரையறுத்துக்கொள்ளலாம். ஒருவரின் பங்கு 1 கிராமுக்கும் குறைவாகவே அமையும். நண்டும் இறாலும் தமக்குரிய உப்பையும் கொண்டு வருகின்றன. உப்பைக் கையால் அள்ளிப் போடாமல், அளந்து, இறக்கும் தறுவாயில் இட வேண்டும். கருவாடும் கடையில் விற்கும் சுவையூட்டிக் கட்டிகளும் இந்தப் பானைக்கு வேண்டாம். அவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அளந்ததெல்லாம் வீண்.

பனங்கிழங்கை அவிக்காமல் கிழித்துக் காயவைத்தால் கிடைப்பது ஒடியல். அதன் மாவில் கைப்பு உண்டு. 150 கிராம் மாவை நிறைய நீரில் சில மணி நேரம் ஊறவைத்து, மா அடியிற் படிந்தபின் மேல்நீரை வடித்துப் புதுநீர் விட வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று தடவை செய்யலாம். அவசரத்தில் இதைத் தவிர்ப்போர் உண்டு. ஊறவைப்பதும் நன்றாகக் கொதிக்கவைப்பதும் சுவைக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கங்கள் அல்ல. இரண்டையும் விடக் கூடாது.

பெரிய பானையில் இரண்டரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து, ஒரு பிடி சிவப்பரிசி, தோல் நீக்கிய பலாக்கொட்டை, சிறு துண்டுகளாக வெட்டிய மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றை முதலில் இடுக. மரவள்ளியைத் தடித்த தோல் நீக்கி, பானையை மூடாமல் அவிப்பதே எமது பெரியவர்களின் வழக்கம். கைக்கும் கிழங்கை எறிந்துவிட வேண்டும். இவை அரைப்பதமானதும் பயற்றங்காயும், துப்புரவாக்கிய இரண்டு மூன்று நண்டுகளும், அரைக் கிலோ மீனும் சேரும். கால் கிலோ இறாலைக் கடைசியில் இட்டாற் போதும். நெடுநேரம் வெந்தால் அது இறுகிவிடும். அரைத்த செத்தல்மிளகாயும் மஞ்சளும் எலுமிச்சையளவு பழப்புளியின் கரைசலும் சேர்த்து, ஊறிய மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவுக. கூழ் தடித்து நன்றாகக் கொதித்தபின் ஒரு பிடி முருங்கையிலையும் அளந்த உப்பும் இட்டு இறக்கலாம்.

மீனைத் தெரிவு செய்வதிற் கவனம் வேண்டும். சாளை, சூடை போன்ற சிறுமீன்களில் இதயத்துக்கு நன்மை தரும் ஒமேகா-3 கொழுப்பு உண்டு. ஆனால் தடித்த கூழினுள் முள் கண்ணுக்குப் புலப்படாது. முதியவரும் சிறுவரும் உள்ள வீட்டில் முள்ளற்ற திருக்கை ஏற்றது. அல்லது வெந்த மீனை வெளியே எடுத்து, சதையை மட்டும் பிரித்து மீண்டும் பானையில் இடலாம். சூரை, கும்பளா போன்றவற்றை ஐஸ் இன்றி வெயிலில் வைத்து விற்றால் வாங்க வேண்டாம். அவ்வாறு கெடும் மீனில் உண்டாகும் ஹிஸ்டமின் எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அழிவதில்லை. முகம் சிவந்து, தலைவலியும் வாந்தியும் ஏற்படலாம்.

இனி, இந்தப் பானை யாருக்கு அப்படியே பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். நீரிழிவு உள்ளோருக்கு மாவும் அரிசியும் கிழங்கும் பலாக்கொட்டையும் ஒரே பானையிற் சேர்வது மாப்பொருட் சுமையாகும். மரவள்ளியைக் குறைத்துப் பயற்றங்காயைக் கூட்டலாம்; கூழுடன் சோறோ பாணோ வேண்டாம். சிறுநீரக நோயாளர் பொற்றாசியம் மிகுந்த கிழங்கையும் கொட்டையையும் கீரையையும் உணவு ஆலோசகரிடம் கேட்டே சேர்க்க வேண்டும். உப்புக்குப் பதிலாக விற்கப்படும் “குறைந்த சோடிய” உப்பிலும் பொற்றாசியமே இருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளோரும் குருதியமுக்கத்துக்குச் சில மருந்துகளை எடுப்போரும் வைத்தியரைக் கேளாமல் அதைப் பயன்படுத்தலாகாது. வார்பரின் குளிசை எடுப்போர் கீரையை விலக்க வேண்டியதில்லை. வாரந்தோறும் உண்ணும் அளவு திடீரென மாறாதிருந்தாற் போதும். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி காண்போருக்கு நண்டும் இறாலும் சிறுமீனும் வலியைத் தூண்டக்கூடும்.

வீட்டில் ஒருவருக்கேனும் நண்டு, இறால் ஒவ்வாமை இருந்தால் அவை அந்தப் பானைக்குள் போகவே கூடாது. அவருக்கு மட்டும் துண்டுகளை விலக்கிப் பரிமாறுவது பாதுகாப்பு அல்ல. பாரிசவாதத்தின் பின் விழுங்குவதிற் சிரமப்படுவோருக்கு, சாறும் துண்டும் கலந்த உணவு புரைக்கேறலாம்; பேச்சு, விழுங்கல் சிகிச்சையாளர் பார்த்துச் சொல்லும் வரை கூழைத் தவிர்க்கவும்.

இதயச் செயலிழப்பினால் நீரின் அளவு கட்டுப்படுத்தப்பட்டோர் விடயத்தில் வீட்டார் அடிக்கடி தவறுகின்றனர். குடித்த தண்ணீரையும் தேநீரையும் கணக்கிடுவர். கூழைச் சாப்பாடு என விட்டுவிடுவர். அதுவும் நீரே. பரிமாறும் பிளாவோ கோப்பையோ எவ்வளவு கொள்ளும் என்பதை ஒரு தடவை தண்ணீர் ஊற்றி அளந்து வைத்துக்கொண்டு, குடித்ததை அன்றைய கணக்கிற் சேர்க்க வேண்டும். மிஞ்சிய கூழை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப்பெட்டியில் வைத்து, மறுநாள் முழுதாகக் கொதிக்கவைத்தே பரிமாறவும். இரவு முழுவதும் அடுப்படியில் இருந்த கூழ் மணம் மாறாதிருந்தாலும் ஊற்றிவிட வேண்டியதே.