சமாதியில் ஒரு காகிதத் துண்டு

கல்வி வளர வளர நம்பிக்கை குன்றும் என்று நாம் சொல்லிக்கொள்வது வழக்கம். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியிலுள்ள ஒரு யூத மயானம் அந்த எண்ணத்தை அசைத்துவிடுகிறது.

லுபாவிச் என்னும் பக்தி மரபின் ஏழாவது குரு மெனாஹெம் மெண்டல் ஷ்னீர்சனின் சமாதி அங்கே இருக்கிறது. 1902-ல் பிறந்த அவர், பெர்லின் சர்வகலாசாலையில் பயின்று, பாரிஸில் எஞ்சினீயர் படிப்பை முடித்தவர். சமாதிக்கு வருகிறவர்கள் தங்கள் நோயையும் கடனையும் பிள்ளையில்லாக் குறையையும் காகிதத்தில் எழுதி, வாசித்து, கிழித்து அங்கே இடுகிறார்கள். குருவும் தம் மாமனாரின் சமாதிக்குப் பிறருடைய கடிதங்களை எடுத்துச் சென்று பிரார்த்தித்தவரே.

பிள்ளைவரம் வேண்டுவோர் நாடும் அவருக்குச் சந்தானம் இல்லை. 1994-ல் வாரிசை நியமிக்காமலே காலமானார். யூதர்கள் எதிர்பார்த்திருக்கும் மீட்பரான மெஸ்ஸையா அவரே, திரும்பி வருவார் என்றனர் சிஷ்யர்களில் சிலர். இது யூத மதத்துக்கே முரண் என்று சரித்திர அறிஞர் டேவிட் பெர்கர் 2001-ல் ஒரு நூலே எழுதிக் கண்டித்தார். எடுத்த காரியம் கைகூடாதவர் மெஸ்ஸையா அல்லர் என்பது 12-ம் நூற்றாண்டு ஞானி மைமோனிடிஸ் வகுத்த இலக்கணம். அந்த மைமோனிடிஸின் நூலைத் தினந்தோறும் படிக்கும்படி 1984-ல் ஏற்பாடு செய்தவரும் இந்தக் குருதான்!

இந்த வாதத்தை அறிஞர்கள் நடத்தட்டும். மெஸ்ஸையா என்ற பேச்சை ஏற்காதவர்களும் சமாதிக்கு வருகிறார்கள். குழந்தையின் ஜுரம் தணியுமா என்று தவிக்கும் தாய்க்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க நேரம் ஏது? நம்பிக்கை பாதி, சந்தேகம் பாதியாக அவள் எழுதும் அந்தக் காகிதத்தைக் கண்டு நகைக்க நமக்குத் துணிவில்லை.