வானத்தில் தெரியாத பாரம்



கியா பார்மில் மூடுபனி விலகிய ஓர் இரவில், காய்கறித் தோட்டங்களின் விளக்கொளியை விட்டுச் சற்றே தள்ளி நின்று வானத்தை அண்ணாந்து பாருங்கள். எத்தனை எத்தனை விண்மீன்கள்! "வாத்தியாரே, உலகத்தில் உள்ளதெல்லாம் இவ்வளவுதானா?" என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லவே இந்தக் கட்டுரை.

கண்ணுக்குத் தெரியும் விண்மீன்கள், சூரியன், நம் மலை, தேயிலைச் செடி, நீங்கள், நான் ஆகிய அனைத்தும் சாதாரணப் பொருளால் ஆனவை. பிரபஞ்சத்தின் மொத்தக் கணக்கில் இது ஏறத்தாழ 5 விழுக்காடுதான் என்றால் நம்புவீர்களா? சுமார் 27 விழுக்காடு 'இருள்பொருள்'. மீதி 68 விழுக்காடு 'இருள் ஆற்றல்'. 100 கிலோ என்று தராசு காட்டுகிறது; கூடையை எட்டிப் பார்த்தால் 5 கிலோ கொழுந்துதான் இருக்கிறது. அப்படிப்பட்ட கணக்கு இது!

பார்க்க முடியாததை எப்படி அறிந்தார்கள்? இரவில் நம் மலைப்பாதையில் லோரி ஏறி வருகிறது. இருட்டில் அதன் முன்விளக்கு மட்டுமே தெரிகிறது. ஆனால் அது திணறி ஊர்வதைக் கண்டதும், "பாரம் ஏற்றியிருக்கிறது" என்று சொல்லிவிடுகிறோம் அல்லவா? விஞ்ஞானிகளும் ஓட்டத்தைக் கண்டுதான் பாரத்தை அறிந்தார்கள்.

சூரியனுக்கு அருகிலுள்ள புதன் வேகமாகச் சுற்றுகிறது. தொலைவிலுள்ள நெப்டியூன் மெதுவாகச் சுற்றுகிறது. விண்மீன் மண்டலங்களிலும் ஓரத்து விண்மீன்கள் மெதுவாகவே சுற்ற வேண்டும். ஆனால் 1970இல் வேரா ரூபின் என்ற அம்மையாரும் கென்ட் போர்டும் ஆண்ட்ரோமெடா மண்டலத்தை அளந்தபோது, ஓரத்தில் இருந்தவையும் வேகம் குறையாமல் ஓடின! அவை சிதறிப் போகாமல் பிடித்து இழுக்கும் ஏதோ பாரம் அங்கே இருந்தாக வேண்டும். 1933லேயே பிரிட்ஸ் சுவிக்கி என்பவர் விண்மீன் மண்டலக் கொத்து ஒன்றைப் பார்த்து இதே ஐயத்தை எழுப்பியிருந்தார். இருள்பொருள் ஒளியை வீசுவதுமில்லை, மறைப்பதுமில்லை. இழுப்பது மட்டுமே அது காட்டும் அடையாளம்.

இருள் ஆற்றலோ இதற்கு நேர்மாறு. மேலே எறிந்த கல் வேகம் குறையத்தானே வேண்டும்? பிரபஞ்சம் விரியும் வேகமோ கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்று 1998இல் இரண்டு குழுக்கள் கண்டறிந்தன. வெடித்துச் சிதறிய தொலைதூர விண்மீன்களின் ஒளியை அளந்து பெற்ற முடிவு அது. 2011இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வேகத்தைக் கூட்டுவதற்கு வைத்த பெயர்தான் இருள் ஆற்றல்.

"இதெல்லாம் பெரிய நாட்டுக்காரர் சமாசாரம், தோட்டத்து மக்களுக்கு இதில் என்ன பங்கு?" என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள்.

நம் பாட்டன்மார் கப்பலேறி மலாயா வந்த அதே காலத்தில், வட ஆர்க்காடு, சேலம் பக்கத்து மக்கள் பலர் கோலார் தங்கவயலுக்குப் போனார்கள். அங்கும் வெள்ளைக்காரக் கம்பெனிதான். கடும் வெப்பத்திலும், பாறை வெடித்துச் சரியும் ஆபத்திலும் அவர்கள் பூமியைக் குடைந்து, மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை சென்றார்கள்.

அந்தச் சுரங்கம் விஞ்ஞானிகளுக்கும் பயன்பட்டது. விண்ணிலிருந்து ஓயாமல் பொழியும் துகள் மழைக்குப் பாறையே கூரை. எதிலும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ போன்ற துகள்களை மழையின் இரைச்சலின்றித் தேட ஆழம் வேண்டும். 1965இல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தைக் கண்டார்கள். அதை உலகில் முதலில் கண்ட இரண்டு குழுக்களில் அது ஒன்று. மற்றொரு குழு தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத்தில் கண்டது.

பிறகு 1975இல் அங்கே ஒரு புதிரும் கிடைத்தது. சில தடங்கள் பாறையிலிருந்து வராமல், கருவிக்கு அருகே வெறும் காற்றிடைவெளியில் பிறந்தவை போலத் தோன்றின. 2014இல் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த எம்.வி.என். மூர்த்தியும் ஜி. ராஜசேகரனும், அவை இருள்பொருள் துகள் சிதைந்ததன் அடையாளமாக இருக்கலாமோ என்று ஒரு கட்டுரையில் கேட்டார்கள். அது கேள்விதான், முடிவல்ல. இன்றுவரை எந்தச் சோதனையும் அதை உறுதிப்படுத்தவில்லை. தங்கவயல் சுரங்கமும் 2001இல் மூடப்பட்டுவிட்டது.

அந்தச் சுரங்கத்தை வெட்டிய கைகளின் பெயர்கள் விஞ்ஞானக் கட்டுரைகளில் இல்லை. ஆனால் அவர்கள் குடைந்திராவிட்டால் கருவியை இறக்க அந்த ஆழமே இருந்திராது. அந்த வரலாற்றை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். இருள்பொருள் எதனால் ஆனது, இருள் ஆற்றல் என்பது என்ன என்ற இரண்டு கேள்விகளுக்கும் உலகில் இன்னும் ஒருவருக்கும் விடை தெரியாது. பட்டணத்துப் பிள்ளையும் தோட்டத்துப் பிள்ளையும் இந்தப் பாடத்தில் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். "கணக்கு எனக்கு வராது" என்று புத்தகத்தை மூடும் பிள்ளையை இன்றிரவு வாசலுக்கு அழைத்து வந்து வானத்தைக் காட்டுங்கள். அவன் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால் அதட்டி அடக்காதீர்கள். மறுநாள் பள்ளிக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.