கோதினுள் சிக்கும் குஞ்சு: பொறுக்கும் வேளையும் உதவும் வேளையும்

தம்பலகாமத்திலும் மூதூரிலும் பெரும்போக அறுவடை முடிந்ததும் களத்திற் சிந்திய நெல்லைப் பொறுக்கும் கோழிகளுக்குத் தீனிக் குறைவு இராது. வயலும் தோட்டமும் உடைய குடும்பத்துக்குக் கோழி சிறு வருவாயைத் தருகின்றது. அதன் எரு கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளையாகின்றது. ஆகவே திருகோணமலை மாவட்டக் கமக்காரர் பலர் அடைக்கோழியைக் கொண்டும், இக்காலத்திற் சிறிய மின் பொறிகளைக் கொண்டும் குஞ்சு பொரிப்பிக்கின்றனர்.

மூன்று கிழமை காத்திருந்தபின், கோதிலே சிறு துளையிட்ட குஞ்சு வெளியே வராமற் கீச்சிட்டுக்கொண்டிருப்பதைக் காண்பவருக்கு மனம் பொறாது. நகத்தாற் கோதை உரித்துக் குஞ்சை வெளியே எடுத்து விடுவர். சிறிது நேரத்தில் அது குருதி சிந்தி இறப்பதும் உண்டு. இவ்விழப்புக்கு அவசரமே பெரும்பாலும் காரணம். எப்பொழுது பொறுத்திருப்பது, எப்பொழுது கை கொடுப்பது என்பதைக் கமக்காரர் அறிந்திருத்தல் வேண்டும்.

கோதினுள் நடப்பது

கோழிமுட்டை பொரிக்க 21 நாள் செல்லும். இதுகாறும் குஞ்சுக்குக் காற்றைக் கொடுப்பது கோதின் உட்புறத்திலே படர்ந்துள்ள குருதிக்குழாய்களே. 19 ஆம் அல்லது 20 ஆம் நாளிற் குஞ்சு தன் அலகினால் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையைத் துளைத்து, முதன்முறையாக நுரையீரலாற் சுவாசிக்கின்றது. கோதினுள்ளே கீச்சொலி கேட்பது இப்பொழுதேயாம். பின்னர் அலகின் நுனியிலுள்ள முட்டைப்பல் என்னும் சிறு முனையாற் கோதிற் துளையிடுகின்றது.

துளையிட்டபின் குஞ்சு 12 மணி முதல் 24 மணி வரை அசையாதிருத்தல் இயல்பு. பார்ப்பவருக்கு அது களைத்துக் கிடப்பதுபோலத் தோன்றும். ஆயினும் அவ்வேளையிலேயே குருதிக்குழாய்களிலுள்ள குருதி குஞ்சின் உடலுக்குத் திரும்புகின்றது. எஞ்சிய மஞ்சட்கரு வயிற்றினுள் இழுக்கப்பட்டுக் கொப்பூழ் மூடுகின்றது. இவை முடியுமுன் கோதை உரித்தால் குழாய்கள் அறுந்து குருதி பெருகும். மஞ்சட்கரு வெளியே தொங்கும். இவை முடிந்தபின் குஞ்சு தானாகவே சுற்றித் திரும்பி, கோதை மூடிபோல வெட்டிக்கொண்டு, காலால் உந்தி வெளியேறும்.

கச்சானும் வாடையும்

குஞ்சு சிக்குவதற்குரிய காரணங்களுள் ஈரப்பதன் தலையாயது. இம்மாவட்டத்தில் அது காலத்துக்குக் காலம் பெரிதும் மாறுகின்றது.

மே முதல் செப்தெம்பர் வரை வீசும் கச்சான் காற்று வெப்பமும் வறட்சியும் உடையது. அக்காலத்தில் முட்டையிலுள்ள நீர் மிகையாக வற்றும். துளையிட்டபின் உட்சவ்வு காய்ந்து தோல்போல இறுகிக் குஞ்சைப் பிணித்து விடும். வடகீழ்ப் பருவ மழைக் காலத்திலோ நீர் போதிய அளவு வற்றாது. குஞ்சு ஊதிப் பெருத்து, திரும்புவதற்கு இடமின்றிப் பசைபோன்ற நீரிற் சிக்கும்.

ஆகவே பொறியிலுள்ள நீர்த்தட்டைக் காலத்துக்கேற்ப அமைத்தல் வேண்டும். முதல் 18 நாளும் ஈரப்பதன் ஏறக்குறைய நூற்றுக்கு 50 முதல் 55 வரையும், இறுதி மூன்று நாளும் 65 முதல் 75 வரையும் இருத்தல் நன்று. முட்டையை நிறுத்துப் பார்ப்பதும் எளிய வழியாம். 50 கிராம் நிறையுள்ள முட்டை, 18 ஆம் நாளில் 6 அல்லது 7 கிராம் குறைந்திருத்தல் வேண்டும். அடைக்கோழியாயின், கச்சான் காலத்திற் கூட்டின் அடியில் ஈரமண்ணை இட்டு, அதன்மேல் வைக்கோலைப் பரப்புக.

வெப்பநிலையும் கவனத்திற்குரியது. விசிறியுள்ள பொறியில் அது 99.5 முதல் 100 பாகை பரனைற் வரை இருத்தல் வேண்டும். 2022 ஆம் ஆண்டில் நாடெங்கும் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதைக் கமக்காரர் மறந்திரார். மின்சாரம் தடைப்பட்டு முட்டை குளிர்ந்தால், பொரித்தல் ஒரு நாளோ அதற்கு மேலோ பிந்தும். 21 ஆம் நாள் கடந்தமையால் மட்டும் முட்டைகளை எறிந்துவிடலாகாது. குஞ்சை உரித்தெடுக்கவும் ஆகாது.

மூடியைத் திறவாதிருத்தல்

18 ஆம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, பொறியை மூடி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு முறை மூடியைத் திறக்கும்போதும் ஈரக்காற்று வெளியேறுகின்றது. துளையிட்டிருக்கும் மற்றைக் குஞ்சுகளின் சவ்வு காய்கின்றது. ஒரு குஞ்சுக்கு உதவப் போய்ப் பத்துக் குஞ்சுகளைச் சிக்க வைப்பது இவ்வாறே. முதலிற் பொரித்த குஞ்சுகளை எடுப்பதற்கும் அவசரம் வேண்டா. வயிற்றிலுள்ள மஞ்சட்கருவைக் கொண்டு அவை இரண்டு நாள் வரை தீனியின்றி இருக்கவல்லன.

உதவும் முறை

துளையிட்டு 24 மணி கடந்தும் துளை பெருக்காவிடின், அம்முட்டையை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். காற்று வீசாத, வெதுவெதுப்பான அறையில், கைகளைக் கழுவியபின் பின்வருமாறு செய்க:

1. துளையினூடாகச் சவ்வை நோக்குக. சிவந்த குழாய்கள் தெரிந்தாலும், குஞ்சு மெல்லுவதுபோல வாயைத் திறந்து மூடினாலும், அதற்கு இன்னும் வேளை வரவில்லை. முட்டையைத் திரும்ப வைத்துவிடுக.

2. குழாய்கள் தெரியாது, சவ்வு வெண்மையாகவோ பழுப்பாகவோ காய்ந்திருப்பின், கொதித்தாறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அதனை ஒற்றுக. மூக்குத்துளையில் நீர் படலாகாது.

3. துளையைச் சுற்றிக் கோதைச் சிறு சிறு துண்டாக அகற்றுக. அகன்ற முனைப் பக்கமாகவே செல்லல் வேண்டும். ஊசிமுனையளவு குருதி கண்டாலும் உடனே நிறுத்திச் சுத்தமான துணியால் மெல்ல அழுத்தி, முட்டையைப் பொறியில் வைத்துச் சில மணி நேரம் பொறுத்திருக்க.

4. அகன்ற முனையின் மூடி கழன்று தலை வெளிப்பட்டதும் கையை எடுத்துவிடுக. கீழ்ப்பாதிக் கோதினின்றும் குஞ்சை இழுத்தெடுக்கலாகாது. கொப்பூழ் மூடாதிருப்பின் இழுப்பது உயிருக்கே கேடாம். தானே உந்தி வரட்டும்.

5. வந்த குஞ்சைப் பொறியிலேயே உலரவிடுக. கொப்பூழ் ஈரமாக இருப்பின் சிறிது அயடீன் தடவுக.

ஒடுங்கிய முனையில் துளையிட்ட குஞ்சு தலைமாறிக் கிடப்பது. அதற்கு மூச்சுவிடப் போதுமான அளவு துளையைச் சிறிது பெருப்பித்து, மற்றவற்றிலும் நெடுநேரம் பொறுத்திருத்தல் வேண்டும். வாத்து முட்டைக்கு 28 நாள் செல்லும். துளையிட்டபின் அது வெளிவருவதும் கோழிக்குஞ்சிலும் பிந்தும்.

கணக்கு வைத்தல்

உதவி பெற்ற குஞ்சுகள் யாவும் பிழைப்பதில்லை. கால் கோணியோ அலகு பிறழ்ந்தோ வந்தவற்றை இனவிருத்திக்கு வைத்திருத்தல் தகாது. ஒரு தொகுதியில் ஒன்றிரண்டு குஞ்சு சிக்குதல் எவர்க்கும் நேர்வது. பல சிக்கினால், குறை பொறியிலோ அடைவைத்த முறையிலோ இருத்தல் கூடும். பொரியாத முட்டைகளை உடைத்துப் பார்த்து, சவ்வு காய்ந்திருந்ததோ, நீர் தேங்கியிருந்ததோ என்பதை அடைவைத்த திகதியோடும் காற்றோடும் மழையோடும் ஒரு கொப்பியில் எழுதி வைக்க. காய்ந்திருப்பின் அடுத்த முறை நீர்த்தட்டைப் பெருப்பிக்க. நீர் தேங்கியிருப்பிற் குறைக்க.

கோதை உடைக்கும் கையிலும் நீர்த்தட்டை நிரப்பும் கையே கூடுதலான குஞ்சுகளைக் காப்பாற்றும். ஐயம் எழுந்தால் தத்தம் பிரதேசத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக.