கமராவுக்கு முன் கிணறு

1990இல் இடம்பெயர்ந்த மயிலிட்டி மக்களிடம் துறைமுகமும் 54 ஏக்கர் காணியும் 2017 யூலையில் கையளிக்கப்பட்டன. பின்னர் நாமும் அங்கு சென்றிருந்தோம். கமராவோடு வந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் அவ்வூர்ப் பிள்ளை, வெளியேறியபோது கைக்குழந்தை. பிற ஊரார் வந்தால் ஆச்சிமாரின் கண்ணீரைத்தான் படம்பிடிப்பர். இவரோ ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, "ஆச்சி, நான் சங்கக்கடையடி வாத்தியாற்றை பேரன். உங்கட கிணறு எந்தப் பக்கம்?" என்றார்.

ஆச்சி எழுந்து நடந்தார். வேலி இல்லை, பூவரசும் இல்லை. பற்றைக்குள் கட்டு இடிந்த கிணறொன்று தெரிந்தது.

"இதுதான் எங்கட எல்லை. உறுதி என்னட்டை இருக்கு, மோனை."

அதன் பிறகே கமரா ஓடியது. (வாசகர்களே, உறுதியின் பிரதியொன்றை வேறிடத்திலும் வைத்திருங்கள்.) அன்றிரவுச் செய்தியில் கிணறுதான் முதலில் வந்தது.